ஒன்பது அங்குலம்

கடல் இங்கிருந்து இருபது மைல்.
ஆனாலும் முழங்கால் உயரத்தில்
ஓதம் வந்து நின்ற கோடு,
பழுப்பு விளிம்போடு,
என் சோபாவுக்குப் பின்னால்.

தெற்கு வேல்ஸில் மலை இறங்கும் தெரு.
ஒரே கூரையை இழுத்துப் போர்த்திய முப்பத்தெட்டு வீடுகள்.
பதினான்கில் நான். பதினாறில் இட்வல் பியூ.
நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல்.
பத்திரப்படி நாலரை அவருக்கு, நாலரை எனக்கு.
தண்ணீருக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது.

முதலில் கடிதங்கள்,
கதவுத் துவாரம் வழியாக.
"அன்புள்ள நெரிஸ் அம்மையாருக்கு,
இரவு பதினொரு மணிக்குத் தாங்கள் குளிக்கும்
வெந்நீரின் ஆவி எங்கே போகிறதென்று
யோசித்ததுண்டா?"
"அன்புள்ள திரு பியூ,
காக்கை கூடு கட்டுகிறதென்று
பலகைக்கல் வைத்து நீங்கள் அடைத்த புகைபோக்கி
மூச்சுக்கு என்ன செய்யும்?"
இரண்டிலும் 'அன்புள்ள' இருந்தது.
இருபது வருஷத்தில்
நாங்கள் அவ்வளவு பேசியதே இல்லை.

கார்டிஃபிலிருந்து ஒருவர் வந்தார்.
இரண்டு முள் வைத்த கருவியைச் சுவரில் குத்தினார்.
அது கத்தியது.
ஊசி போடவேண்டும் என்றார், சுவருக்கு.
நாலாயிரம் பவுண்டு.
நோய் என்ன என்று கேட்டேன்.
வண்ணத்தில் அச்சடித்த விலைப்பட்டியல் கொடுத்தார்.

பிறகு டெய்லோ வந்தான், கொத்தன்.
அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் அடியைத் தட்டுவதுபோல்
விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது வைத்தான்.
சோபாவை நகர்த்தினான்.
கோட்டுக்குக் கீழே நகத்தால் சுரண்டினான்.
தோல்போல் உரிந்து வந்தது.

"இந்தப் பெயிண்டை யார் அடித்தது?"

நான்தான். மூன்று வருஷம் முன்பு,
ஒரு மார்ச் ஞாயிறு, ரேடியோ போட்டுக்கொண்டு,
முழங்கால் உயரம் வரை மூன்று பூச்சு.
ஈரம் புகாது என்று டப்பாவில் எழுதியிருந்தது.
முடித்ததும் தரையில் உட்கார்ந்து
நானே ரசித்துப் பார்த்தேன்.

"புகாது, சரிதான்.
உள்ளே இருக்கிறது எப்படி வெளியே வரும்?
கொஞ்சம் மேலே ஏறும்.
மிச்சம் அந்தப் பக்கம் போகும்."

அந்தப் பக்கம்.
பியூவின் முன்னறை அலமாரியை
மூவருமாக நகர்த்தினோம்.
பின்பலகை கையோடு வந்தது.
சுவர் கறுப்பு.
ரயில்வே கோட்டின் தோள்களில் சாம்பல் முடி முளைத்திருந்தது.
ஒரு ஜோடி காலணி, முழுப் பச்சை.
கட்டிலில் மெத்தை இல்லை.
மூன்று குளிர்காலமும் அடுப்படி நாற்காலியில்தான்
தூங்கினாராம்.
"இருமலுக்கு உட்கார்ந்தே தூங்குவது நல்லது,"
என்றார், கோட்டைத் தட்டிக்கொண்டே.

வாசலில் டெய்லோ என்னிடம் மட்டும் கணக்குச் சொன்னான்:
பாதி தெருவின் குற்றம், நடைபாதையை உயர்த்திவிட்டார்கள்.
கொஞ்சம் புகைபோக்கி.
மற்றது பெயிண்ட்.
"அவரிடம் சொல்லணுமா?" என்றேன்.
சுண்ணாம்பு வாளியை வண்டியில் ஏற்றப் போய்விட்டான்.

இருபுறமும் காரையை உரித்தாயிற்று.
அங்குலத்துக்கு ஒரு மாதம், அதுவரை பூசக்கூடாது.
ஒன்பது மாதம் வெறும் செங்கலோடு குடித்தனம்.
சனிக்கிழமைதோறும் பூத்த உப்பை
உலர்ந்த பிரஷால் துடைக்கிறேன்.
அவர் கோப்பையில் கரண்டி சுற்றுவது கேட்கிறது,
மூன்று சுற்று, ஒரு தட்டு.
இருமலும் கேட்கிறது.
எண்ணக் கூடாதென்று வேறு அறைக்குப் போகிறேன்.

கையை வைத்துப் பார்த்தால் தெரியாது.
கைக்குக் குளிரும் ஈரமும் ஒன்றுதான்.
அதனால் டெய்லோ ஆளுக்கொரு கருவி கொடுத்திருக்கிறான்.
ஞாயிறு காலை பத்து மணிக்கு
சுவருக்கு இருபுறமும் குத்தி,
உரக்கச் சொல்லிக்கொள்கிறோம்.

இன்று ஏழாம் மாதம்.
"பத்தொன்பது!" என்றார் பியூ.
சற்றுப் பொறுத்து, "அங்கே?"

என் கருவியில் பதினொன்று.

"இங்கேயும் பத்தொன்பதுதான்," என்றேன்.